சிவாலய ஓட்டத்துக்கும் மாரத்தானுக்கும் காலைத் தயார் செய்வது: குமரி ஓட்டக்காரர்களுக்கான வலுப் பயிற்சி வழிகாட்டி

மாசி சிவராத்திரிக்கு மறுநாள் தக்கலை, மார்த்தாண்டம் வழியாகப் போகும் பேருந்தில் உட்கார்ந்திருந்தால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். நல்ல வாட்டசாட்டமான இளைஞர்கள் கம்பியை இறுகப் பிடித்து, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, முகத்தைச் சுளித்துக்கொண்டு படியில் இறங்குவார்கள். முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை, பன்னிரண்டு சிவாலயங்களுக்கும் காவி வேட்டியும் கையில் விசிறியுமாக ‘கோவிந்தா, கோபாலா’ என்று கூவியபடி ஓடி முடித்தவர்கள் அவர்கள். மொத்தம் நூறு கிலோமீட்டருக்கு மேல். பாதி வழியில் நின்றவர்களிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். மூச்சு வாங்கியது என்பவர் குறைவு. தொடை பிடித்துக்கொண்டது, முட்டி மடங்கவில்லை, பாதம் வெந்துபோயிற்று என்பவர்களே அதிகம்.

சிவாலய ஓட்டத்துக்குப் போகிறவர்களுக்கும், அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டு நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்தைச் சுற்றிக்கொண்டிருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வலுப் பயிற்சி வாரம் இரண்டு முறை போதும். கனமாகவும் மெதுவாகவும் செய்ய வேண்டும். கடினமாக ஓடிய அதே நாளிலேயே அதையும் முடித்துவிட வேண்டும். மற்ற நாட்களில் காலைத் தொந்தரவு செய்யக் கூடாது. நம்மில் பலர் இதற்கு நேர்மாறாக, ஓடாத நாளில் ஜிம்முக்குப் போய்க் காலைக் களைக்க வைத்து, மறுநாள் அந்தக் காலோடு ஓடப் போகிறோம். அப்புறம் வாரத்தில் ஒரு நாள்கூட உடம்புக்கு ஓய்வு கிடைப்பதில்லை.

ஓடினால் போதாதா?

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் தரையிலிருந்து காலுக்கு வரும் விசை உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்கும். கெண்டைக்காலில் உள்ளே ஆழத்தில் கிடக்கிற சோலியஸ் என்ற தசைக்கு வரும் விசையோ ஆறேழு மடங்கு. கிலோமீட்டருக்குச் சுமார் ஆயிரம் அடி என்று வைத்துக்கொண்டால், சிவாலய ஓட்டம் முடிய ஒரு லட்சம் அடிக்கு மேல் வரும். ஓடி ஓடியே இதைத் தாங்கும் வலு வந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஓட்டம் ஏறக்குறைய ஒரே அளவு விசையைத்தான் திரும்பத் திரும்பக் கொடுக்கிறது. அதனால் தாங்கும் நேரம் கூடும், தசையின் உச்ச வலு அவ்வளவாகக் கூடாது. உச்ச வலு கூடிவிட்டால், அதே ஓட்டத்தின் ஒவ்வொரு அடியும் அந்த வலுவில் சிறிய பங்கைத்தான் கேட்கும்.

இதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. ஆறு முதல் பதினான்கு வாரம் வரை கனமான எடைப் பயிற்சியை ஓட்டத்தோடு சேர்த்துச் செய்தவர்களுக்கு, அதே வேகத்தில் ஓடத் தேவைப்படும் ஆக்சிஜன் 2 முதல் 8 சதவீதம் வரை குறைந்திருக்கிறது. உடல் எடை சொல்லும்படி கூடவும் இல்லை. ‘தொடை பெருத்துவிடும், வேகம் போய்விடும்’ என்று பயப்படுகிறவர்களுக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

எந்த மாதத்தில் தொடங்குவது

சிவராத்திரி மாசியில் வருகிறது. அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஐப்பசியில் தொடங்குவது சரியாக இருக்கும். தசை சில வாரங்களில் வலுவாகிவிடும், தசையை எலும்போடு இணைக்கிற தசைநார் அப்படியில்லை, அதற்குப் பன்னிரண்டு வாரமாவது பிடிக்கும். அதனால் தை பிறந்த பிறகு ஆரம்பிக்கிறவர்களுக்குத் தசை தயாராகியிருக்கும், குதிகால் நார் தயாராகியிருக்காது. கடைசி வாரங்களில் குதிகாலுக்கு மேலே வலி என்று வந்து நிற்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

ஐப்பசி, கார்த்திகை என்றால் மழை. அதிகாலையில் ரோடெல்லாம் தண்ணீர், ஓட முடியாமல் வராந்தாவில் நின்று வானத்தைப் பார்க்கும் நாட்கள். அந்த வராந்தாவும் இரண்டு படிக்கட்டும் போதும், முதல் கட்டத்தை முடித்துவிடலாம். ஜனவரியில் சென்னை மாரத்தான் ஓடுகிறவர்கள் ஆவணி கடைசியிலேயே தொடங்கிவிட வேண்டும்.

தொடங்கும் முன் ஒரு சோதனை

சுவரில் இரண்டு விரலை மட்டும் வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நில்லுங்கள். முட்டியை மடக்காமல் குதிகாலை முழு உயரத்துக்கு எழுப்பி இறக்குங்கள், இரண்டு நொடிக்கு ஒன்று என்ற கணக்கில். ஒவ்வொரு காலுக்கும் எத்தனை வருகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். இருபத்தைந்து வந்தால் ஓட்டக்காரருக்கு ஏற்ற கால். பத்து கிலோமீட்டரை அநாயாசமாக ஓடுகிறவர்களில்கூடப் பலருக்குப் பதினைந்திலேயே கால் நடுங்கத் தொடங்கிவிடும். இடது, வலது இரண்டுக்கும் நான்கைந்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கவனிக்க வேண்டும்.

அடுத்து, நாற்காலியிலிருந்து ஒற்றைக் காலில் எழுந்து உட்காருங்கள். முட்டி உள்பக்கமாகச் சாய்கிறதா என்று வீட்டில் யாரையாவது முன்னால் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். சாய்ந்தால் இடுப்புப் பக்கத் தசைகளுக்கு வேலை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் கட்டம்: ஆறு வாரம், வீட்டுப் படிக்கட்டில்

இதில் கெண்டைக்காலுக்குத்தான் முதல் இடம். படியின் விளிம்பில் பாதத்தின் முன்பகுதி மட்டும் பதிய, குதிகால் வெளியே தொங்க நிற்க வேண்டும். மூன்று நொடியில் மேலே, உச்சியில் இரண்டு நொடி நிறுத்தம், மூன்று நொடியில் கீழே. இறங்கும்போது குதிகால் படி மட்டத்துக்கும் கீழே போக வேண்டும். குதிகால் நார் எலும்போடு சேரும் இடத்தில் ஏற்கெனவே வலி உள்ளவர்கள் மட்டும் அவ்வளவு கீழே போகாமல் சமதரையிலேயே செய்யலாம். உச்சிக்குப் போகும்போது கணுக்கால் வெளிப்பக்கம் புரண்டு எடை சுண்டுவிரல் பக்கம் போய்விடும். அப்படிப் போனால் அந்த எழும்பலை எண்ணாதீர்கள். கட்டைவிரலின் அடி மேடு படியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பழைய ஐந்து ரூபாய் நாணயத்தை அந்த மேட்டுக்குக் கீழே வைத்து, அது நழுவாமல் பார்த்துக்கொண்டால் தானாகவே சரியாகிவிடும்.

முட்டியை நேராக வைத்துச் செய்தால் வெளியே தெரிகிற பெரிய தசைக்கு வேலை. முட்டியைச் சற்று மடக்கி, அந்த மடிப்பை மாற்றாமல் எழும்பினால் சோலியஸுக்கு வேலை. இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருந்தால் மடக்கியதைச் செய்யுங்கள், நீண்ட தூரத்தில் நம்மைச் சுமப்பது அதுதான். இரண்டு காலில் தொடங்கி, மூன்றாவது வாரத்தில் ஒற்றைக் காலுக்கு மாறலாம். மூன்று செட், செட்டுக்குப் பன்னிரண்டு. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலுக்கு அடியில் குத்துகிறவர்கள், ஒரு துண்டைச் சுருட்டிக் கால்விரல்களுக்கு அடியில் கொடுத்து இதையே ஒன்றுவிட்ட நாள் செய்தால் பலன் கிடைக்கும். ஆனால் பொறுமை வேண்டும், மூன்று மாதம் பிடிக்கும்.

மற்றவை சுலபம். படியிலிருந்து ஒரு காலை மெதுவாகத் தரைக்கு இறக்கித் தொட்டுவிட்டு மேலே வருவது, மல்லாந்து படுத்து ஒற்றைக் காலை ஊன்றி இடுப்பைத் தூக்குவது, முழங்கையை ஊன்றிப் பக்கவாட்டில் பிளாங்க் நிற்பது. சுவரில் முதுகைச் சாய்த்து, குதிகால் ஓரடி முன்னால் இருக்க, முன்பாதத்தைத் தூக்கித் தூக்கி இறக்குவது முன்னங்கால் எலும்பையொட்டிய தசைக்கு. எல்லாம் சேர்ந்து முப்பது நிமிடத்துக்கு மேல் ஆகாது.

இரண்டாம் கட்டம்: பாரம் ஏற்றுவது

ஏழாம் வாரத்திலிருந்து எடை வர வேண்டும். பலரும் இங்கேதான் தயங்கி, அதே பயிற்சியை முப்பது, நாற்பது என்று எண்ணிக்கையில் கூட்டிக்கொண்டே போவார்கள். நாற்பது முறை செய்ய முடிகிற எடை, ஓட்டம் ஏற்கெனவே கொடுப்பதையே மறுபடி கொடுக்கிறது. ஐந்து முதல் எட்டு முறைக்கு மேல் முடியாத எடையைத் தேர்ந்தெடுங்கள். இன்னும் இரண்டு முறை செய்ய முடியும் என்ற நிலையில் நிறுத்துங்கள். செட்டுக்கு நடுவே இரண்டு மூன்று நிமிட இடைவெளி வேண்டும், வேர்த்துக் கொட்ட வேண்டிய அவசியம் இல்லை. ஜிம்மில் பயிற்றுநர் வந்து ‘என்ன மக்கா, சும்மா உக்காந்திருக்க?’ என்பார். சிரித்துவிட்டு உட்கார்ந்தே இருங்கள்.

மூன்றே பயிற்சி போதும். பின்காலை நாற்காலியிலோ பெஞ்சிலோ வைத்து முன்காலில் இறங்கி எழும் ஸ்பிலிட் ஸ்குவாட். முட்டியைச் சற்றே மடக்கி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குனிந்து நிமிரும் ரோமானியன் டெட்லிஃப்ட். அப்புறம் எடையோடு கெண்டைக்கால் எழும்பல். ஒவ்வொன்றும் மூன்று அல்லது நான்கு செட். டெட்லிஃப்டில் முதுகு வளையாமல் இருக்க வேண்டும், தொடையின் பின்பக்கம் இழுப்பது தெரிய வேண்டும். இடுப்பில் வலித்தால் எடையைக் குறைத்துவிட்டு, தெரிந்தவர் யாரையாவது பக்கத்தில் நிறுத்திச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஜிம் இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கு முதுகுப்பையில் பத்துக் கிலோ அரிசி நல்ல ஆரம்பம். நிறைந்த இருபது லிட்டர் தண்ணீர் கேன் இருபது கிலோ. அதைக் கையில் பிடித்து டெட்லிஃப்ட் செய்யலாம், ஆனால் தண்ணீர் உள்ளே ஆடும், பழகிக்கொள்ள வேண்டும். கெண்டைக்கால் சீக்கிரம் பழகிவிடும், பத்துக் கிலோ அதற்குச் சில வாரத்திலேயே போதாமல் போகும். அந்தக் கட்டத்தில் ஜிம்முக்குப் போவதே நல்லது.

இறக்கத்துக்குத் தனிப் பயிற்சி

குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம் சமதரையே கிடையாது என்று சொல்லலாம். திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனைப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ரோடு ஏறி இறங்கிக்கொண்டேயிருக்கும். ஏற்றத்தில் எல்லோரும் கவனமாக இருப்பார்கள். தொடையைக் காலி செய்வது இறக்கம். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது, அந்த வேலையில்தான் தசை இழைகளில் நுண்ணிய கிழிசல் விழுகிறது. மறுநாளைவிட இரண்டாம் நாள் வலி அதிகமாக இருப்பதும் அதனால்தான்.

நல்ல செய்தி என்னவென்றால், இந்தச் சேதத்தை உடம்பு ஞாபகம் வைத்துக்கொள்கிறது. ஒரு முறை அளவாக இறக்கத்தில் ஓடிவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கம் அவ்வளவு வலிக்காது. ஆகவே ஓட்டத்துக்கு எட்டு வாரம் இருக்கும்போது தொடங்கிப் பத்து நாளுக்கு ஒரு முறை இறக்கப் பயிற்சி வைத்துக்கொள்ளுங்கள். கிழக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மருந்துவாழ் மலைப் பாதை இருக்கிறது, பொற்றையடியிலிருந்து ஏறி, நிதானமாக இறங்கலாம். மேற்கே இருப்பவர்களுக்கு மாத்தூர் தொட்டிப்பாலத்திலிருந்து பரளியாற்றுக்கு இறங்கும் படிகள் உண்டு. பாலம் 115 அடி உயரம், இரண்டு மூன்று முறை இறங்கி ஏறினாலே போதுமானது. சுற்றுலாக்காரர்கள் வருமுன் விடியற்காலையில் போய்விடுங்கள். முதல் தடவை ஆசைப்பட்டு அதிகம் செய்யக் கூடாது, நான்கு நாள் நொண்டுவதில் யாருக்கும் லாபமில்லை.

சொத்தவிளை, சங்குத்துறை மணலில் ஓடலாமா என்று நிறையப் பேர் கேட்பதுண்டு. இளகிய மணலில் ஓட, அதே வேகத்துக்குக் கெட்டித் தரையைவிட ஒன்றரை மடங்கு சக்தி செலவாகும், குதிகால் நாருக்கும் இழுப்பு அதிகம். கெண்டைக்கால் முதல் கட்டத்தை முடித்தபின் பதினைந்து நிமிடம் ஓடலாம். அலையோரத்து ஈர மணல் கெட்டியாக இருக்கும், ஆனால் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே திசையில் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில்தான் விழும். போன வழியே திரும்பி ஓடுங்கள்.

வெறுங்காலோடு சிவாலய ஓட்டம் ஓடப் போகிறவர்கள் அதற்கும் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள், ஓட்டம் முடிந்தபின் பத்து நிமிடம் வெறுங்கால் நடை, பிறகு ஓட்டம், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. ஷூவிலேயே பழகிய கால் திடீரென்று நூறு கிலோமீட்டர் தாரில் இறங்கினால் பாத எலும்பில் விரிசல் விழுந்தாலும் ஆச்சரியமில்லை.

வாரத்தில் எந்த நாள்?

உதாரணத்துக்கு ஒரு வாரம். செவ்வாய் காலை வேக ஓட்டம், அன்று மாலை வலுப் பயிற்சி, நடுவே ஆறு மணி நேரமாவது இடைவெளி. வெள்ளி காலை நடுத்தர ஓட்டம், மாலை மறுபடி வலுப் பயிற்சி, சற்றுக் குறைவாக. ஞாயிறு நீண்ட ஓட்டம். புதனும் சனியும் மெதுவான ஓட்டம் மட்டும், பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே போகும் வேகத்தில். திங்களும் வியாழனும் ஓய்வு. மூன்று வாரம் கூட்டி, நான்காவது வாரம் தூரத்தையும் செட்டுகளையும் பாதியாக்குங்கள்.

ஓய்வு நாளில் ஓடாவிட்டால் குற்ற உணர்வு வருகிறது என்பவர்கள் குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுகிறவர்களைக் கேட்கலாம். ஒருநாள் வெட்டினால் மறுநாள் மரத்தை விட்டுவிடுவார்கள். தினமும் வெட்டினால் பால் கூடுதலாக வராது, பட்டை காய்ந்து மரம்தான் கெடும். தசையும் பயிற்சியின்போது வலுவாவதில்லை, விட்டுவைத்த நாளில்தான் வலுவாகிறது.

உடம்பு தேறுவது

தூக்கத்தை மிஞ்சிய ரெக்கவரி முறை எதுவும் இல்லை. ஏழு முதல் ஒன்பது மணி நேரம். காலை நாலரைக்கு எழுந்து ஓடுகிறவர் இரவு பதினொன்றரை வரை ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தால் கணக்கு உதைக்கும். முந்தின இரவு ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியிருந்தால் அன்று வேக ஓட்டத்தை மெதுவான ஓட்டமாக மாற்றிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சாப்பாட்டில் நம் ஊருக்குக் குறையில்லை, புரதத்தில் மட்டும் கவனம் வேண்டும். வலுப் பயிற்சி செய்கிற ஓட்டக்காரருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒன்றரை கிராம் அளவில் புரதம் வேண்டும், 60 கிலோவுக்கு 90 கிராம். மரச்சீனிக் கிழங்கில் மாவுச்சத்து மட்டும்தான், புரதம் கிட்டத்தட்ட இல்லை. அதோடு வருகிற மீன் கறிதான் அந்தக் குறையைத் தீர்க்கிறது. நூறு கிராம் சாளையிலோ அயிலையிலோ ஏறக்குறைய 20 கிராம் புரதம் உண்டு. மீன் சாப்பிடாதவர்களுக்குப் புட்டும் சிறுபயறும் நல்ல சேர்க்கை, பயறைத் தொட்டுக்கொள்ள மட்டும் வைக்காமல் புட்டுக்குச் சமமாக வையுங்கள். முட்டை ஒன்றுக்கு 6 கிராம். ஓடி வந்த கையோடு சாப்பிட, 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிப்பழம் இரண்டு மூன்றும் ஒரு டம்ளர் பாலும் போதும். நீண்ட ஓட்டத்துக்கு முந்தின இரவு அவித்த ஏத்தன்பழம் வயிற்றைத் தொந்தரவு செய்யாது.

எடை குறைக்க ஓடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வலுப் பயிற்சியும் நீண்ட ஓட்டமும் செய்துகொண்டே பட்டினி கிடந்தால் எலும்பு மெலியும். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதோ நின்றுபோவதோ அதற்கான முதல் எச்சரிக்கை. ‘நல்லா ஓடுறதால வர்றது’ என்று அதை விட்டுவிடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், வேர்வை காயாது. ஓடுமுன்னும் ஓடியபின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் சுமார் ஒரு லிட்டர் வேர்வை போயிருக்கிறது. உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர், உப்பும் எலுமிச்சையும் சேர்த்த மோர், ஓ.ஆர்.எஸ். எல்லாமே நல்லவை. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு, அதனால் கூட ஒரு சிட்டிகை உப்பு வேண்டும். பல மணி நேரம் ஓடும்போது வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைசுற்றல், வாந்தி, குழப்பம் வரும். தாகத்துக்குக் குடியுங்கள், வழியில் தருகிற மோரையும் பானகத்தையும் ஒதுக்காதீர்கள்.

வர்ம வைத்தியம் பார்க்கிற ஆசானிடம் போய் எண்ணெய் போட்டு உழிவது நம் மாவட்டத்தில் இன்றும் இருக்கிற வழக்கம். அதனால் வலி குறைந்ததுபோல் தெரியும், நன்றாகத் தூக்கம் வரும், அதற்காகவே போகலாம். கடினமான ஓட்டம் முடிந்த அன்றே அழுத்தி உழிய வேண்டாம், இரண்டு நாள் கழியட்டும். எலும்பில் வலி இருந்தால் உழியவே கூடாது. ஐஸ் தண்ணீரில் இறங்குவதைப் போட்டி நாளோடு வைத்துக்கொள்ளலாம். வலுப் பயிற்சி முடிந்தவுடன் ஐஸில் இறங்கினால், எதற்காக எடை தூக்கினோமோ அந்த வளர்ச்சியே குறையும்.

எந்த வலி சரி, எந்த வலி தப்பு?

தசை முழுக்கப் பரவி, இரண்டு காலிலும் சமமாக, இரண்டு மூன்று நாளில் குறைகிற வலி சாதாரணம். தசைநார் வலிக்கு ஒரு அளவுகோல் உண்டு: பத்துக்கு மூன்று வரை வலித்து, மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் பயிற்சியைத் தொடரலாம். மறுநாள் கூடியிருந்தால் எடையைக் குறையுங்கள்.

முன்னங்கால் எலும்பிலோ பாதத்திலோ ஒரு விரல்நுனி அளவு இடத்தை அழுத்தினால் சுள்ளென்று வலிப்பது, ஒற்றைக் காலில் குதித்தால் அதே இடத்தில் குத்துவது, இரவில் படுத்திருக்கும்போதும் வலிப்பது: இவை எலும்பு விரிசலாக இருக்கலாம். ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம், எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று மறுநாளே ஓடக் கிளம்பிவிடாதீர்கள். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு நீண்ட தூரம் ஓடுவது கூடவே கூடாது. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை உடம்பில் தண்ணீர் குறைந்த நேரத்தில் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

கடைசிப் பத்து நாளும் அதற்குப் பிறகும்

கடைசிக் கனமான வலுப் பயிற்சி ஓட்டத்துக்குப் பத்து நாளுக்கு முன். அதன்பின் ஒரே ஒரு முறை, பாதி எடையில், இரண்டு செட். இறக்கப் பயிற்சியைப் பதினான்கு நாளுக்கு முன்பே முடித்துவிடுங்கள். சேர்த்த வலு இரண்டு வாரத்தில் எங்கும் போய்விடாது.

ஓட்டம் முடிந்து முதல் இரண்டு நாளும் நடை, சாப்பாடு, தூக்கம். சிறுநீர் கட்டன்காப்பி நிறத்தில் போனாலோ, தொடை வீங்கிக் கல்போல் இறுகினாலோ மறுநாள் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும், தசை அதிகமாகச் சிதைந்து சிறுநீரகத்தை அடைத்துக்கொண்டிருக்கலாம். எல்லாம் சரியாக இருந்தால் பத்தாம் நாள் சுவரில் இரண்டு விரலை வைத்து ஒற்றைக் காலில் எழும்பிப் பாருங்கள். முன்பு எழுதி வைத்த எண்ணிக்கையில் முக்கால்வாசியாவது வந்தால் மெதுவான ஓட்டத்தைத் தொடங்கலாம். வராவிட்டால் இன்னும் ஒரு வாரம் நடை மட்டும், எடையைத் தொடுவது அதற்கும் அடுத்த வாரம்.